தூதரைத் திருப்பி அழைக்கலாம், கவுண்டரை மூடலாமா?

“இனி அவனோட என்ன உறவு? தூதரை விரட்டு, எல்லாத்தையும் முறி.” எல்லையில் குண்டு வெடித்தாலும் சரி, நடுக்கடலில் நம் மீனவரைப் பிடித்துக்கொண்டு போனாலும் சரி, காசிமேட்டில் வலை பின்னும் இடத்திலிருந்து பாரிமுனை டீக்கடை வரை முதலில் கிளம்புவது இந்தப் பேச்சுதான். கோபம் பெரும்பாலும் நியாயமானதாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் அரசாங்கம் நிஜமாகவே உறவை முறிக்க உட்கார்ந்தால் அதன் முன்னால் நாலைந்து வழிகள் இருக்கின்றன. எதை எடுக்கிறது என்பதைப் பொறுத்து, அந்த நாட்டில் வேலை பார்க்கும் நம் ஆட்களின் கதி தலைகீழாக மாறும். உலகத்தில் இதற்கு முன்மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை வைத்து எது தேவலை என்று பார்க்கலாம்.

மண்ணடியில் சபுராளி வீடுகளுக்கு, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்க ஆள் அனுப்பிய வீடுகளுக்கு, விண்ணப்பம் எழுதித் தருவது என் பிழைப்பு. அதனால் தூதரகம் என்றதும் எனக்குக் கொடியும் கோட்டும் ஞாபகத்துக்கு வராது, கவுண்டர்தான் வரும். வளைகுடாவில் ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ஆஸ்பத்திரியின் இறப்புச் சான்று, போலீஸ் அறிக்கையின் நகல், பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் விசா பக்கமும் வேண்டும். அதோடு, உடலை ஊருக்கு அனுப்பச் சம்மதம் அல்லது அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று இங்கே இருக்கும் வாரிசு எழுதிக் கொடுக்கும் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதத்தை ஹைகோர்ட் பக்கம் டைப் அடித்து, நோட்டரியிடம் சீல் வாங்கி, ஸ்கேன் எடுத்து அனுப்புவோம். பாஸ்போர்ட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல் இருந்தால் மறுபடி அடிக்க வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் இன்னொரு கையெழுத்து கேட்பது பெரிய கொடுமை. இத்தனையையும் வாங்கிச் சரிபார்த்து, இறந்தவரின் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று கொடுப்பது நம் தூதரகம். அது கிடைக்காமல் பெட்டி விமானம் ஏறாது. பாஸ்போர்ட் தொலைத்தவனுக்கு ஊர் திரும்ப அவுட்பாஸ் கொடுப்பது, கஃபில் (விசா கொடுத்து வேலைக்கு எடுத்த முதலாளி) சம்பளத்தை நிறுத்தி வைத்தால் புகார் வாங்குவது, ஜெயிலில் இருப்பவனைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அதே கவுண்டரின் வேலைதான்.

ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியிலும் நான் பார்ப்பது அந்தக் கவுண்டரின் கதியை. தேசத்தின் மானம், வர்த்தகம், ராணுவம் பற்றிப் பேச டிவியில் ஆட்கள் இருக்கிறார்கள்.

அறிவித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்வது

கேட்பதற்குக் கம்பீரமான வழி இது. 1984 ஏப்ரல் 17 அன்று லண்டனில் லிபியத் தூதரகத்துக்குள்ளிருந்து சுட்டதில் ஒரு பெண் போலீஸ்காரர் இறந்தார். ஐந்தே நாளில் பிரிட்டன் உறவை முறித்தது. அப்போது லிபியாவில் எண்ணெய் வேலையிலும் மற்ற வேலைகளிலும் சுமார் 8,000 பிரிட்டிஷ்காரர்கள் இருந்தார்கள். தூதரகத்துக்குள் இருந்த லிபியர்களை விசாரிக்க முடியாமல் ஊருக்கு அனுப்பி வைத்ததற்கு அந்த 8,000 பேரும் ஒரு காரணம். முறிவுக்குப் பிறகு லிபியாவில் சில பிரிட்டிஷ்காரர்கள் பிடித்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் நான்கு பேரை 1985 பிப்ரவரியில் மீட்டுக்கொண்டு வந்தவர் டெரி வெய்ட், கான்டர்பரி பேராயரின் தூதுவர். தூதரக அதிகாரி செய்ய வேண்டிய வேலையைச் சர்ச்சிலிருந்து ஒருவர் போய்ச் செய்ய வேண்டியதாயிற்று.

இன்னும் தெளிவான பாடம் 2017 ஜூன் 5. அன்று சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருடன் உறவை முறித்தன. முதல் மூன்று நாடுகளும் தங்கள் குடிமக்களைக் கத்தாரை விட்டுக் கிளம்பச் சொல்லி, தங்கள் மண்ணில் இருந்த கத்தார்காரர்களும் வெளியேற வேண்டும் என்றன. கெடு 14 நாள். கணவன் கத்தார், மனைவி பஹ்ரைன் என்று இருந்த குடும்பங்கள் நடுவில் கிழிந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான கத்தார் ஒட்டகங்களைக்கூட விரட்டிவிட்டார்கள். அதுகளுக்கு என்ன அரசியல் தெரியும்.

எகிப்தும் அன்றைக்கே முறித்தது, பேச்சிலும் காட்டம் குறையவில்லை. ஆனால் கத்தாரில் வேலை பார்த்த லட்சக்கணக்கான எகிப்தியர்களை அது திரும்பி வரச் சொல்லவில்லை. நேரடி விமானம் நின்றது. குவைத், மஸ்கட் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள், வந்தார்கள், சம்பளம் அனுப்பினார்கள். 2021 ஜனவரியில் சவுதியின் அல்-உலாவில் சமாதானம் ஆனபோது அவர்களில் ஏராளமானோர் அதே வேலையில்தான் இருந்தார்கள். முறித்தே தீர வேண்டும் என்றால் நம்மைப் போன்ற தொழிலாளர் அனுப்பும் நாடு பார்க்க வேண்டியது கெய்ரோவைத்தான். ரியாத்தைப் பார்த்தால் சட்டி சுட்டுவிடும்.

எல்லோரையும் கூட்டி வந்துவிட்டு முறிப்பது

பொறுப்பான வழி மாதிரி தெரியும். டீக்கடையில் கொஞ்சம் நிதானமானவர் சொல்வதும் இதுதான்: “மொதல்ல நம்ம ஆளுங்கள இறக்கிட்டு அப்புறம் அடி.” எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

கனடா 2012 செப்டம்பர் 7 அன்று ஈரானுடன் உறவை அறுத்தது இப்படித்தான். தூதரக ஊழியர்களைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் அறிவிப்பு. ஊழியர்களில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த மட்டில் நேர்த்தியான வேலை. குடிமக்களைத் துருக்கியில், அங்காராவில் இருக்கும் கனடியத் தூதரகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிரச்சினை எட்டு வருடம் கழித்து வந்தது. 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானில் கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரான் சுட்டு வீழ்த்தியதில் 176 பேர் இறந்தார்கள். 55 பேர் கனடியக் குடிமக்கள். உடல்களை அடையாளம் காணவும் குடும்பங்களுக்கு உதவவும் போக வேண்டிய கனடிய அதிகாரிகள் அங்காராவில் ஈரான் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். மேலே சொன்ன சம்மதக் கடிதத்தையும் தடையில்லாச் சான்றையும் இங்கே பொருத்திப் பாருங்கள்.

ஆட்கள் கொஞ்சம் என்றால் கனடா மாதிரி முயன்றாவது பார்க்கலாம். லட்சக்கணக்கில் இருந்தால் ரகசியமாக இறக்குவது நடக்காத காரியம். முதல் விமானம் ஏறும்போதே அந்த அரசாங்கத்துக்கு விஷயம் தெரிந்துவிடும். அப்புறம், கூப்பிட்டால் எல்லோரும் வருவார்களா? ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடன் பாதி அடைபடாமல் இருக்கும். மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருக்கும். இக்காமா என்ற தங்கும் அனுமதி அட்டை கஃபில் கையில் இருக்கும். குண்டு விழுந்தால்கூட “இன்னும் ரெண்டு மாசம் பார்த்துட்டு வரேன்” என்று போனில் சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டு மீனவர்கள் ஈரானில் படகு வேலைக்குப் போகிறார்கள். கொரோனா சமயத்தில் அங்கே மாட்டியவர்களை ஐஎன்எஸ் ஜலஷ்வா பந்தர் அப்பாஸில் ஏற்றித் தூத்துக்குடியில் இறக்கியது, 2020 ஜூலை 1 அன்று. அந்தக் கப்பல் ஈரான் துறைமுகத்துக்குள் நுழைய ஈரானின் அனுமதி வேண்டும், ஆட்களைத் துறைமுகம் வரை கொண்டுவந்து சேர்க்கத் தூதரகம் வேண்டும். ஆட்களை இறக்குவதற்கே உறவு தேவைப்படுகிறது என்பதுதான் இந்த வழியில் இருக்கும் ஓட்டை.

குவைத்தை நினைத்தால் இது நன்றாக விளங்கும். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை உள்ளே புகுந்தபோது அங்கே சுமார் 1,70,000 இந்தியர்கள். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் ஈராக் அதிபர் சதாமைச் சந்தித்தார். சதாம் அவரைக் கட்டித் தழுவிய படம் உலகமெங்கும் வந்து திட்டு வாங்கிக் கொடுத்தது. குவைத்தில் தூதரகத்தை மூடச் சொல்லி ஈராக் நெருக்கியபோது இந்தியா முறைத்துக்கொண்டு நிற்காமல் அதை பஸ்ராவுக்கு மாற்றியது. பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து அம்மான், அம்மானில் ஏர் இந்தியா. இரண்டே மாதத்தில் 488 நடைகளில் ஆட்கள் பம்பாய் வந்து இறங்கினார்கள். அந்தப் படத்துக்காகக் குஜ்ராலைத் திட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

தரத்தைக் குறைப்பது

தூதரைத் திருப்பி அழைத்துக்கொண்டு, பொறுப்பு அதிகாரி ஒருவரை வைத்துத் தூதரகத்தை ஓட்டுவது. கோபத்தையும் காட்டியாகிவிடும், கவுண்டரும் திறந்திருக்கும்.

1962-இல் சீனாவுடன் போரே நடந்தது, ராஜதந்திர உறவு முறியவில்லை. 1976 வரை இரண்டு பக்கமும் தூதர் இல்லாமல் பொறுப்பு அதிகாரிகளே ஓட்டினார்கள். இதில் வடசென்னைக்காரர் பலருக்குத் தெரியாத ஒரு துண்டு உண்டு. போர் சமயத்தில் இந்தியா தன் மண்ணில் இருந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானில் தேவளி முகாமில் அடைத்தது. 1963-இல் சீன அரசாங்கம் மூன்று முறை கப்பல் அனுப்பி அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனது. கப்பல் வந்து நின்றது நம் சென்னைத் துறைமுகத்தில். அடைத்து வைத்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் போருக்கு மறுவருடமே எதிரி நாட்டுக் கப்பல் இங்கே வந்து ஆள் ஏற்ற முடிந்ததற்கு, டெல்லியிலும் பீகிங்கிலும் தூதரகக் கதவு திறந்திருந்தது ஒரு காரணம்.

பாகிஸ்தானும் அப்படித்தான். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ராணுவ ஆலோசகர்களை வெளியேற்றினார்கள், தூதரக ஆட்களை 55-லிருந்து 30 ஆகக் குறைத்தார்கள், அட்டாரி எல்லை வாசலை மூடினார்கள். மே மாதம் சண்டையும் நடந்தது. ஆனால் 2008 ஒப்பந்தப்படி ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் மாற்றிக்கொள்ள வேண்டிய கைதிகள், மீனவர்கள் பட்டியல் அந்த ஜூலை 1 அன்றும் கைமாறியது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் குஜராத்தில் இருக்கும் மீனவர் வீட்டுக்கு ஆள் உயிரோடு இருப்பது உறுதியாகும்.

இலங்கை விஷயம் நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 2013 மார்ச்சில் தமிழக சட்டமன்றம், இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதை நிறுத்து, பொருளாதாரத் தடை போடு என்று மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் கோபத்தின் காரணங்களை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ராமேஸ்வரம் படகைப் பிடித்தால் யாழ்ப்பாணம் ஜெயிலுக்குச் சோப்பும் துணியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது, 2010-இல் அங்கே திறந்த இந்தியத் துணைத் தூதரகத்தின் ஆட்கள். தரத்தைக் குறைத்தாலும் அந்த ஆபீஸ் இருக்கும். முறித்தால் அதன் கதி இலங்கை அரசின் தயவு.

இந்த வழிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. மிச்சம் வைத்த ஆட்களே பிணையாகலாம். 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் ஆட்கள் குறைந்து பொறுப்பு அதிகாரியின் கீழ்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஈரானிய மாணவர்கள் அதைப் பிடித்தார்கள்; 52 பேர் 444 நாள் உள்ளே கிடந்தார்கள். கூட்டம் சுவரேறும் நிலை வந்துவிட்டால், உள்ளூர் போலீஸ் வேடிக்கை பார்த்தால், கவுண்டராவது ஒன்றாவது, மூடிவிட்டுக் கிளம்புவதுதான் சரி. உறவை முறிக்காமலே தூதரகத்தைப் பக்கத்து நாட்டுக்கு மாற்றலாம். ஏமனில் இருந்த தன் தூதரகத்தை இந்தியா 2015-இல் ஜிபூட்டிக்கு மாற்றியது அப்படித்தான்.

மூன்றாவது நாட்டிடம் சாவியைக் கொடுப்பது

1961 வியன்னா உடன்படிக்கையின் 45-ஆம் பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. உறவு முறிந்தாலும் கட்டிடத்தையும் தன் குடிமக்களின் நலனையும் ஒரு மூன்றாவது நாட்டிடம் ஒப்படைக்கலாம். இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். 1971 டிசம்பரில் பாகிஸ்தான் உறவை முறித்தபோது 1976 வரை அங்கே இந்தியாவின் நலனைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான், இங்கே பாகிஸ்தானுடையதைப் பார்த்ததும் அவர்கள்தான். 1980 முதல் ஈரானில் அமெரிக்காவுக்கும் அவர்களே.

ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, அந்த மூன்றாவது நாட்டை எதிராளியும் ஏற்க வேண்டும். உக்ரைன் 2022-இல் ரஷ்யாவுடன் முறித்துக்கொண்ட பின் சுவிட்சர்லாந்து பொறுப்பேற்கத் தயாராக இருந்தது, ரஷ்யா வேண்டாம் என்றுவிட்டது. இரண்டு, இதை முறித்த பிறகு பேசி முடிக்கக் காலம் பிடிக்கும். சவுதியும் ஈரானும் 2016 ஜனவரியில் முறித்துக்கொண்டன. அந்த வருடம் ஈரானிலிருந்து ஹஜ் பயணம் நடக்கவில்லை. அடுத்த வருடம் ஹாஜிகள் போனார்கள், சுவிஸ் ஏற்பாடும் அந்த வருடம்தான் கையெழுத்தானது. ஹஜ் ஒரு வருடம் நிற்பது என்றால் என்ன என்று மண்ணடியில் யாரையும் கேட்கலாம்.

எண்ணிக்கையும் கணக்கில் வர வேண்டும். ஒரு சுவிஸ் அதிகாரி இரண்டு லட்சம் தமிழ், மலையாள, தெலுங்கு ஆட்களின் சம்பளப் புகாரைப் படித்துத் தீர்க்க முடியாது. சில நூறு பேர் என்றால் இந்த வழி அருமை. லட்சங்களுக்கு இது காணாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 1963-இன் இன்னொரு வியன்னா உடன்படிக்கை. ராஜதந்திர உறவு முறிந்தாலே கான்சுலர் உறவும் முறிந்ததாக ஆகாது என்று அதன் 2-ஆம் பிரிவு சொல்கிறது. பாஸ்போர்ட், சாவு, ஜெயில், அத்தாட்சி எல்லாம் வருவது இந்த இரண்டாவது உறவில். 1982 ஃபாக்லாந்து போருக்குப் பின் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் 1989 அக்டோபரில் முதலில் கான்சுலர் உறவை மீட்டன, ராஜதந்திர உறவு 1990 பிப்ரவரியில் வந்தது. திறக்கும்போது முதலில் இதைத் திறக்க முடிகிறது என்றால் மூடும்போது இதை விட்டுவைக்கவும் முடியும். அவ்வளவு ஏன், தைவானுடன் இந்தியாவுக்கு ராஜதந்திர உறவு கிடையாது. ஆனாலும் தைவானின் பொருளாதார, கலாச்சார மையம் 2012 முதல் சென்னையிலேயே இருந்து விசா கொடுக்கிறது. மனது இருந்தால் பெயர்ப்பலகையை மாற்றிக் காரியத்தை நடத்தலாம்.

என் ஓட்டு எதற்கு

லட்சக்கணக்கில் ஆள் இருக்கும் நாடு என்றால் தரத்தைக் குறைப்பதற்குத்தான் என் ஓட்டு. அதிலும் யாரைக் குறைக்கிறோம் என்பது முக்கியம். ராணுவ அதிகாரி, வர்த்தக அதிகாரி, கலாச்சாரப் பிரிவு எல்லாம் முதலில் கிளம்பட்டும். தொழிலாளர் நலன் பார்ப்பவரும், பாஸ்போர்ட் பிரிவும், உள்ளூர் பாஷை தெரிந்த குமாஸ்தாவும் கடைசியில் கிளம்பட்டும். உறவு இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உளவாளி என்று பாகிஸ்தான் பிடித்து வைத்த இந்தியர் குல்பூஷன் ஜாதவ் விஷயத்தில் தூதரகம் இருந்தும் பாகிஸ்தான் பார்க்க விடவில்லை. சர்வதேச நீதிமன்றம் வரை போய் 2019-இல்தான் அது தவறு என்று தீர்ப்பு வாங்க முடிந்தது. ஆனால் 2024 ஏப்ரலில் ஈரான் பிடித்த எம்எஸ்சி ஏரீஸ் கப்பலில் 17 இந்திய மாலுமிகள் இருந்தபோது, தெஹ்ரானில் தட்டுவதற்கு நமக்கு ஒரு கதவு இருந்தது. ஐந்தே நாளில் முதல் ஆள் வீடு வந்தார். ராயபுரத்தில் கப்பலுக்கு ஆள் அனுப்பிய வீடுகளுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

முறித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் எகிப்து மாதிரி முறிக்கட்டும், ஆனால் வரிசை மாறக்கூடாது. பதிவு செய்யாத ஆட்களைத் தேடிப் பதிவு செய்வது, காலாவதி ஆகப் போகும் பாஸ்போர்ட்டுகளைச் சத்தமில்லாமல் புதுப்பித்துக் கொடுப்பது, பக்கத்து நாட்டுத் தூதரகத்துக்குக் கூடுதல் ஆள் அனுப்புவது இவை முதல் மாத வேலை. மூன்றாவது நாட்டிடமும், அதை ஏற்பதாக எதிராளியிடமும் எழுத்தில் வாங்குவது அடுத்தது. கான்சுலர் உறவு தொடரும் என்பதையும் அதே தாளில் சேர்க்க வேண்டும். அறிவிப்பு இதற்கெல்லாம் பின்னால்.

எந்த வழியிலும் தீராத ஒன்று பணமும் சொத்தும். 1964-இல் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது இந்தியாவுடன் உறவு முறியவே இல்லை. ஆனாலும் கப்பலில் வந்து இறங்கிய நம் ஜனங்கள் சம்பாத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் உருவானது அப்படித்தான். அதனால் அரசாங்கம் என்ன முடிவெடுத்தாலும் வீட்டில் இருப்பவர்கள் இப்போதே செய்து வைக்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது: வேலை ஒப்பந்தத்தின் நகல், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், இக்காமாவின் இரண்டு பக்கமும் வாட்ஸப்பில் வாங்கிப் பிரின்ட் எடுத்து வைப்பது. பவர் ஆஃப் அட்டர்னி தேவைப்படும் என்று தோன்றினால் கவுண்டர் திறந்திருக்கும்போதே அத்தாட்சி வாங்கிவிடச் சொல்லுங்கள்; அப்புறம் அதை அங்காராவிலோ ஜிபூட்டியிலோ போய் வாங்க வேண்டியிருக்கும்.